திரை உடைந்தது, கணக்கு தப்பியது

விசைப்பலகையின் மேல் பேனா இருந்ததைக் கவனியாமல் மடிக்கணினியை மூடிவிட்டேன். திரை வெடித்துவிட்டது. கடைக்குக் கடன் தர வேண்டியவர்களின் கணக்கு முழுவதும் அதற்குள்தான். திருத்தக் கொடுத்தால் ஒரு வாரமாகும் என்றார்கள். கணக்கைப் பிறர் கையில் விடவும் மனம் இடம் தரவில்லை.

முதலில் எச்.டி.எம்.ஐ. வயர் மூலம் தொலைக்காட்சியில் இணைத்தேன். படம் தெளிவாக வந்தது. பழுது திரையில் மட்டும்தான். உடனே கணக்கை பென் டிரைவில் பிரதி எடுத்தேன்.

சார்ஜரை அகற்றி, அடிமூடியைத் திறந்து பற்றரி இணைப்பையும் கழற்றுவது கட்டாயம். மின்சாரம் உள்ளபோது திரை வயரைக் கழற்றினால் உள்ளேயுள்ள சிறு பியூஸ் எரிந்துபோகலாம்.

பழைய திரையின் பின்புறத்திலுள்ள மாதிரி இலக்கத்தைப் பார்த்தே புதியதை வாங்குங்கள். 15.6 அங்குலம் என்பது மட்டும் போதாது. இணைப்பு 30 பின்னா, 40 பின்னா என்பதும் பொருந்த வேண்டும். ரெம் வாங்கும்போதும் இதே கவனம் தேவை, டி.டி.ஆர்.3 உள்ள இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது.

சட்டத்தைப் பொருத்துமுன் ஒருமுறை இயக்கிப் பார்த்தேன். வெளிச்சம் வந்தது. வேலை இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது.

ஆனால் பற்றரி வீங்கியிருந்தால் கை வைக்காதீர்கள், தீப்பற்றக்கூடும். கண்ணாடி ஒட்டிய தொடுதிரையையும் தொழில் தெரிந்தவரிடமே விடுங்கள்.

திரையைப் பணம் கொடுத்து வாங்கலாம். தொலைந்த கடன் கணக்கை எங்கே வாங்குவது? இன்று கடை பூட்டுமுன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.