ஒரே கல்யாணம் காலண்டரில் ரெண்டு தடவை வருவது ஏன்? ‘ஐடி’ செய்யும் குழப்பம்

கல்யாண மண்டபம் ஒன்றின் இணையதள காலண்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலாளர் தேதியை கிளிக் செய்து, படிவத்தில் பெயர், நேரம் எல்லாம் நிரப்பி ‘சேவ்’ கொடுக்கிறார். உடனே போன்: “சார், முகூர்த்தம் ஒன்பது மணி இல்ல, ஏழரை.” அதே பதிவைத் திறந்து நேரத்தை மாற்றி மறுபடியும் சேவ். சாயங்காலம் பார்த்தால், ஒன்பது மணிக்கு ஒன்று, ஏழரைக்கு ஒன்று என ஒரே கல்யாணம் ரெண்டு பதிவாக நிற்கிறது. அல்லது, மாற்றிய நேரம் காணாமல் போய் பழைய ஒன்பது மணியே இருக்கிறது. ரெண்டுமே ஒரே கோளாறின் இரு முகங்கள்தான்.

புதிய பதிவு உருவாகும்போது பிரவுசர் அதற்கு ஒரு தற்காலிக எண் தருகிறது. ஆஸ்பத்திரி வாசலில் தரும் டோக்கன் மாதிரி. நிரந்தர எண்ணைத் தருவது டேட்டாபேஸ். அந்த எண் பிரவுசருக்குத் திரும்பி வந்து டோக்கனின் இடத்தில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால், அடுத்த திருத்தம் டோக்கன் எண்ணோடு போகும். சர்வர் தேடும், அப்படி ஒரு வரிசையே இருக்காது. டேட்டாபேஸ் இதைப் பிழையாகச் சொல்லாது, ‘மாறிய வரிசைகள்: 0’ என்று சொல்லி அமைதியாகிவிடும். ‘இல்லாவிட்டால் புதிதாகச் சேர்’ என்று நிரல் எழுதியிருந்தால் இரட்டைப் பதிவு.

பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்துவிட்டுத் திருத்தினால் எல்லாம் சரியாக வேலை செய்கிறதா? அப்படியானால் சந்தேகம் ஐடி மேல்தான்.

எங்கே பார்ப்பது?

எஃப்12 அழுத்தி ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறங்க. முதல் சேவுக்கு சர்வர் அனுப்பிய பதிலில் புதிய எண் இருக்கிறதா? இல்லையென்றால் தவறு சர்வர் நிரலில். உதாரணமாக, டிஹெச்டிஎம்எல்எக்ஸ் ஷெட்யூலர் என்ற பிரபல காலண்டர் கருவி, பதிலில் ‘டிஐடி’ என்ற பெயரில் புதிய எண்ணை எதிர்பார்க்கும். வேறு பெயரில் அனுப்பினால் கண்டுகொள்ளாது. பதிலில் எண் சரியாக வந்தும் ரெண்டாவது சேவ் பழைய எண்ணோடு போகிறதென்றால், படிவத்தில் ஒளிந்திருக்கும் ஐடி கட்டம் புதுப்பிக்கப்படவில்லை.

பலர் செய்யும் குறுக்குவழி ஒன்று ஆபத்தானது: சேர்த்த பிறகு ‘இருப்பதிலேயே பெரிய ஐடி எது’ என்று கேட்பது. அதே நொடியில் இன்னொரு ஊழியர் பதிவு செய்தால் அவருடைய எண் இவருக்கு வந்துவிடும். திருத்தம் அடுத்தவர் கல்யாணத்தில் விழும். மைஎஸ்க்யூஎல்லில் ‘லாஸ்ட் இன்சர்ட் ஐடி’ அந்தந்த இணைப்புக்குரிய எண்ணை மட்டுமே தரும் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. போஸ்ட்கிரெஸில் ‘ரிட்டர்னிங்’ போதும். பதில் வரும்வரை சேவ் பட்டனை முடக்கி வைப்பதும் நல்லது. நெட் மெதுவாக இருந்தால் யாருக்குமே ரெண்டு தடவை அழுத்தத்தான் கை போகும்.

இன்னொரு வழி, நிரந்தர எண்ணை பிரவுசரே உருவாக்குவது. கூகுள் காலண்டரின் ஏபிஐ இதை அனுமதிக்கிறது: ஏ முதல் வி வரையிலான சின்ன ஆங்கில எழுத்துகள், எண்கள், 5 முதல் 1,024 எழுத்து நீளம். யுயுஐடி பயன்படுத்தினால் நடுவிலுள்ள கோடுகளை நீக்கிவிட வேண்டும்.

ஏற்கெனவே இரட்டையாகிவிட்ட பதிவுகளில், கண்ணில் பட்டதை உடனே அழிக்காதீங்க. அட்வான்ஸ் ரசீது எந்த ஐடியோடு இணைந்திருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு, சரியான நேரத்தை அதில் ஏற்றிவிட்டு, அப்புறம் மற்றதை நீக்கலாம்.