சங்கு ஒலிக்காத அலுவலகம்

திருவொற்றியூரில் நான் வளர்ந்த தெருவில் கடிகாரத்தைவிட ஆலைச் சங்கையே அதிகம் நம்பினார்கள். சங்கு ஊதியதும் எண்ணூர் நெடுஞ்சாலை மிதிவண்டிகளால் நிறைந்துவிடும். காலையில் வேலைக்கு அழைத்த அதே சங்கு, வேலை முடிந்துவிட்டது என்பதையும் ஊரறிய அறிவித்தது. இன்று அதே தெருவில், மாடியறையில் மடிக்கணினியின் முன் அமர்ந்து வேலை செய்கிறேன். வேலை தொடங்கும் நேரம் எனக்குத் தெரியும். முடியும் நேரத்தை அறிவிக்க எந்தச் சங்கும் இல்லை.

விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 2021 பிப்ரவரியில். பெருந்தொற்றின் காரணமாக அலுவலகப் பணியாளர்கள் பலர் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பிறகு பலர் அலுவலகம் திரும்பிவிட்டனர். என்னைப் போன்றவர்களுக்கு வீடே அலுவலகமாக நிலைத்துவிட்டது.

இவ்வாறு வேலை செய்வோருக்கெனப் பரிந்துரைக்கப்படும் நூல்கள் பெரும்பாலும் ஒரே பாடத்தையே நடத்துகின்றன: கைபேசியைத் தள்ளி வையுங்கள், மேசையை ஒழுங்குபடுத்துங்கள், நேரத்தைப் பகுத்துக்கொள்ளுங்கள். கால் நியூபோர்ட் எழுதிய ‘டீப் வொர்க்’ (2016) அவற்றுள் குறிப்பிடத்தக்கது. கவனச் சிதறல் குறித்து அது சொல்வதில் உண்மை உண்டு. ஆனால், இரவு பத்து மணிக்கு வரும் அலுவலக அழைப்பை என் மேசையின் ஒழுங்கு தடுத்துவிடுவதில்லை. வேலை நேரத்தின் எல்லை தனிமனிதக் கட்டுப்பாட்டால் மட்டும் அமைவதா என்ற கேள்விக்கு விடை தேடியபோது, வேறு நான்கு வாசிப்புகள் எனக்குக் கைகொடுத்தன.

உணவு இடைவேளையின் வரலாறு

முதலாவது, திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ (1944). பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. செல்வபதி செட்டியார், ராமாநுஜலு நாயுடு ஆகியோரின் முயற்சியில் உருவான அச்சங்கத்துக்கு பி.பி.வாடியா தலைமை ஏற்றார், திரு.வி.க. உடனிருந்து உழைத்தார். நண்பகல் உணவுக்குத் தரப்பட்ட நேரம் போதவில்லை என்பது அன்றைய தொழிலாளர்களின் முதன்மையான குறைகளுள் ஒன்று. காணொலிக் கூட்டத்தில் ஒலியை அணைத்துவிட்டு அவசரமாகச் சோறு உண்ணும் எனக்கு, அந்தக் குறை நூறாண்டுகளுக்கு முந்தையதாகத் தோன்றவில்லை.

இரண்டாவது, சென்னை ஐஐடி பேராசிரியராக இருந்த திலீப் வீரராகவனின் ஆய்வு நூலான ‘தி மேக்கிங் ஆஃப் தி மெட்ராஸ் ஒர்க்கிங் கிளாஸ்’. அவரது மறைவுக்குப் பின் 2013-ல் வெளியான அந்நூல், சென்னைத் தொழிலாளர்கள் ஒரு வர்க்கமாகத் திரண்ட கதையை விரிவாகச் சொல்கிறது. இந்தியத் தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் என்று 1922-ல் நடைமுறைக்கு வந்த உச்சவரம்பு, 1948-ம் ஆண்டுச் சட்டத்தில் 9 மணி, 48 மணி என்றானது. இடையில் கழிந்தவை 26 ஆண்டுகள். பெற்றது நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறி, கடும் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டதை நாம் கண்டோம்.

பீடி சுற்றியவர்கள் காட்டிய வழி

மூன்றாவது, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2021 ஜனவரியில் வெளியிட்ட, வீட்டிலிருந்து செய்யும் வேலை குறித்த அறிக்கை. கணினியில் வேலை செய்பவரையும், துண்டுக் கூலிக்குத் தைப்பவரையும், இணையத் தளங்களில் சிறு பணிகளைச் செய்பவரையும் அது ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கிறது. தொலைவிலிருந்து பணிபுரியும் முறைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரை 1973-ல் அமெரிக்கரான ஜாக் நில்ஸ் சூட்டினார். அதற்கு முன்பே, வீட்டில் பீடி சுற்றுவோரையும் தொழிலாளர்களாக ஏற்றுக்கொண்டது 1966-ம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். 1974-ல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. வேலை நடக்கும் இடம் வீடு என்பதால் முதலாளியின் பொறுப்பு மறைந்துவிடாது என்பதே இதன் சாரம். மின்கட்டணம், நாற்காலி, இணைய இணைப்பு அனைத்தையும் சொந்தச் செலவில் ஏற்றுக்கொண்டு, அதைச் சலுகை என்று எண்ணும் நாம் இதை அறிந்திருக்க வேண்டும். வீட்டு வேலைமுறை குறித்த 1996-ம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும்.

வீடு யாருடைய பணியிடம்?

நான்காவது, அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. ராஜஸ்தான் குடும்பமொன்றின் விசாலமான வீட்டில், பெண்கள் நாளெல்லாம் உழைக்கும் சமையலறை மட்டும் ஒடுங்கிக் கிடக்கிறது. நாம் அலுவலகத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன்பே வீடு ஒருவரின் பணியிடமாக இருந்தது. அந்த வேலைக்கும் சங்கு ஊதியதில்லை. அலுவலக வேலையும் அடுப்படி வேலையும் ஒருசேர விழும் பெண்களைப் பற்றிப் பேசாமல், வீட்டிலிருந்து வேலை செய்வதன் வசதியைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது. இக்கதையைப் படித்த பிறகுதான், என் காணொலிக் கூட்டத்துக்காக வீட்டில் யார் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்பதைக் கவனிக்கத் தொடங்கினேன்.

பணி நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்ஸில் 2017 முதல் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அதே நோக்கில் சுப்ரியா சுலே 2018-ல் மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் பகிர்ந்த பணியிடமும் படிப்பதற்கான இடமும் ஒரே கட்டடத்தில் அமைந்துள்ளன. தனித்தனி அறைகளில் அடைந்து கிடப்பவர்கள் ஒருவரையொருவர் சந்திக்க இத்தகைய இடங்கள் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் தேவை. பெரம்பூர்த் தொழிலாளர்களுக்கு ஆலை வாசலில் ஒன்றுகூடிப் பேசும் வாய்ப்பு இருந்தது. நமக்கு அது இல்லை; வாசிப்பிலிருந்தாவது அந்தப் பேச்சைத் தொடங்கலாம்.