குட்டிக் கைக்குக் குட்டி மட்டை!

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சு. 'நாள் பூரா டி.வி.யும் செல்போனுமா உட்கார்ந்திருக்கானே, ஏதாவது விளையாட்டில் சேர்த்துவிடலாமா?' என்று யோசிக்கிறீர்களா? அதிலும் டென்னிஸ் மேல் உங்களுக்கு ஒரு ஆசை இருக்கிறதா? தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் கடைக்குப் போய், பெரியவர்கள் ஆடும் மட்டையை வாங்கிக் குழந்தை கையில் திணிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம். இதைப் படித்துவிடுங்கள்.

"ஏனுங்க, திருச்செங்கோட்டுல டென்னிஸ் கோர்ட்டுக்கு எங்கீங்க போறது? அதெல்லாம் மெட்ராஸ்காரங்க சமாச்சாரமுங்க!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. ரிக் வண்டிக்கும் விசைத்தறிக்கும் பேர்போன ஊர்தான். ஆனால், சின்னக் குழந்தைக்கு டென்னிஸ் பழக்கப் பெரிய கோர்ட் தேவையே இல்லை. சொல்லப்போனால், பெரிய கோர்ட்டில் ஆரம்பிக்கவே கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

ஆஸ்பத்திரியிலிருந்து விம்பிள்டன் வரை

1953-ல் சென்னையில் பிறந்த ஒரு பையனுக்குச் சின்ன வயதில் நுரையீரல் கோளாறு. அடிக்கடி ஆஸ்பத்திரி வாசம். அவன் போக முடியாத நாட்களில் அவன் அம்மாவே வகுப்புக்குப் போய், பாடங்களைக் குறித்துக்கொண்டு வந்து சொல்லிக்கொடுத்தார். பையனின் உடம்பு தேற வேண்டும் என்றுதான் டென்னிஸ் பக்கம் அனுப்பினார்கள். அந்தப் பையன்தான் விஜய் அமிர்தராஜ்! 1973-ல், 19 வயதில், விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் கால் இறுதி வரை போனார். 2024-ல் சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் இடம்பெற்றார்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? ஆரோக்கியம் முதலில், கோப்பை அப்புறம். (உங்கள் குழந்தைக்கு வீசிங்கோ, இருதயக் கோளாறோ இருந்தால் டாக்டரிடம் கேட்ட பிறகே ஆட விடுங்கள்.)

5 வயதிலிருந்து 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிஷமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டென்னிஸில் ஓட்டம், குனிதல், திரும்புதல் எல்லாம் உண்டு. எலும்பு உறுதிப்படும். கண் பார்த்ததைக் கை செய்யும் பக்குவம் வரும். வெளியே பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்பதும் ஆராய்ச்சிகளில் தெரிய வந்திருக்கிறது. மார்க், டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ் என்று பிள்ளைகள் ஓடும் நம் பக்கத்தில், பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் விளையாட்டை மூட்டை கட்டிவிடுகிறோம். ஆகவே உடம்பில் விளையாட்டு ஒட்டிக்கொள்ள வேண்டிய வயது இதுதான்.

பந்து தலைக்கு மேலே போனால்?

பெரியவர்கள் ஆடும் மஞ்சள் பந்தை 8 அடி 4 அங்குல உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போட்டால், அது ஏறக்குறைய நாலரை அடிக்கு எழும்ப வேண்டும் என்பது விதி. 6 வயதுக் குழந்தையின் உயரமே கிட்டத்தட்ட மூணே முக்கால் அடிதான்! தோளுக்கும் தலைக்கும் மேலே வருகிற பந்தை அந்தப் பிஞ்சு எப்படி அடிக்கும்? எக்கி, முதுகை வளைத்து, மணிக்கட்டை முறுக்கி அடிக்கும். தப்பான பழக்கம் படியும், கை வலிக்கும். நாலு நாளில், "எனக்கு டென்னிஸ் வேண்டாம்மா" என்று சொல்லிவிடும். குற்றம் குழந்தை மேல் இல்லை, பந்தின் மேல்!

இதற்காகவே குழந்தைகளுக்கு மூன்று வகைப் பந்துகள் வந்திருக்கின்றன. 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கான போட்டிகளில் சாதாரண மஞ்சள் பந்து கூடாது என்று 2012 முதல் சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் விதியே போட்டுவிட்டது.

• சிவப்புப் பந்து: 5 முதல் 8 வயது வரை. மஞ்சள் பந்தைவிட 75 சதவிகிதம் வேகம் குறைவு. அதே உயரத்திலிருந்து போட்டால் 3 முதல் மூன்றரை அடிதான் எழும்பும். கோர்ட் 36 அடி நீளம், 18 முதல் 20 அடி அகலம் போதும்.

• ஆரஞ்சுப் பந்து: 8 முதல் 10 வயது வரை. வேகம் 50 சதவிகிதம் குறைவு. கோர்ட் 60 அடி நீளம்.

• பச்சைப் பந்து: 9, 10 வயதில் நன்றாக ஆடுகிறவர்களுக்கு. வேகம் 25 சதவிகிதம் குறைவு. 78 அடி முழுக் கோர்ட்டுக்கு இப்போதுதான் போக வேண்டும்.

சிவப்புப் பந்து கிடைக்கவில்லையா? மெத்தென்ற ஸ்பாஞ்ச் பந்து வாங்குங்கள். தெருக் கிரிக்கெட்டுக்கு வாங்கும் டென்னிஸ் பந்து வேண்டாம். அதிலும் 'ஹார்டு' பந்து வேண்டவே வேண்டாம்.

இடத்துக்கு எங்கே போவது? நம் ஊர்ப் பக்கத்தில் பள்ளிக்கூடத்திலோ, காலி மனையிலோ ஷட்டில் கோர்ட் இருக்கும். அது 44 அடி நீளம், 20 அடி அகலம். சிவப்புப் பந்து டென்னிஸ் அதற்குள்ளேயே அடங்கிவிடும்! வலையை மட்டும் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். வலை இல்லையென்றால் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கயிறு. அவ்வளவுதான்!

ஒரு எச்சரிக்கை: மொட்டை மாடி வேண்டாம். பந்தைப் பார்த்தபடியே பின்னால் ஓடுகிற குழந்தைக்குக் கைப்பிடிச் சுவர் கண்ணில் படாது.

'வளர்ற பையன்தானே' என்று வாங்காதீர்கள்

யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது, "வளர்ற பையன், ஒரு சைஸ் பெரிசாவே தைங்க" என்போம். சட்டை பெரிதாக இருந்தால் மடித்துவிடலாம். மட்டை பெரிதாக இருந்தால் முழங்கைதான் விலை கொடுக்கும்.

பெரியவர்கள் மட்டை 27 அங்குலம். குழந்தைகளுக்கு அளவு இப்படி:

• 5, 6 வயது: 21 அங்குலம்
• 7, 8 வயது: 23 அங்குலம்
• 9, 10 வயது: 25 அங்குலம்

குழந்தையை நேராக நிற்கச் சொல்லி, மட்டையைப் பிடித்த கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மட்டையின் நுனி தரையை லேசாகத் தொட்டால் சரியான அளவு. தரையில் இடித்துக் கை மடங்கினால் பெரிது. கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம்.

முதல் ஒரு மாதம் என்ன செய்யலாம்?

முதல் வாரம் மட்டையே வேண்டாம். பந்தை உருட்டிவிடுங்கள், குழந்தை ஓடிப்போய் நிறுத்தட்டும். பிறகு ஒரு தடவை தரையில் குதித்து வரும் பந்தை இரண்டு கையாலும் பிடிக்கட்டும். மிகச் சின்னக் குழந்தை என்றால் பலூன் போதும்.

இரண்டாம் வாரம் உள்ளங்கைதான் மட்டை. மூன்றாம் வாரம் மட்டையைக் கொடுத்து, அதன் மேல் பந்தை வைத்துக் கீழே விழாமல் நடக்கச் சொல்லுங்கள். பிறகு தரையில் தட்டித் தட்டி எண்ணட்டும்.

நாலாம் வாரம், நீங்கள் பத்தடி தூரத்தில் நின்று, கையைக் கீழிருந்து வீசி மெதுவாகப் பந்தைப் போடுங்கள். ஒரு குதிப்புக்குப் பிறகு அது கயிற்றுக்கு இந்தப் பக்கம் அடிக்கட்டும். பந்து எங்கே போனாலும் கைதட்டுங்கள். "அம்மாவும் நீயும் சேர்ந்து பத்துத் தடவை அடிக்கலாமா?" என்று கேளுங்கள். தோற்கடிக்கும் விளையாட்டைவிட, சேர்ந்து எண்ணும் விளையாட்டுதான் இந்த வயதுக்குப் பிடிக்கும்.

அரை மணி நேரம் போதும். 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று குழந்தை கெஞ்சும்போதே நிறுத்திவிட்டால், மறுநாள் அதுவே மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்.

நம்ம ஊர் வெயில், ஜாக்கிரதை!

சித்திரை, வைகாசி வெயிலைச் சொல்லவே வேண்டாம். காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாலை 5 மணிக்கு மேல். பருத்திச் சட்டை, தொப்பி, ஷூ மூன்றும் அவசியம். செருப்போடு ஆட விடாதீர்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுங்கள். முடித்த பிறகு மோரோ, இளநீரோ தரலாம்.

தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, கால் பிடிப்பு என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத் துணியால் துடைத்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுங்கள். உடம்பு கொதித்து, குழந்தை குழறிப் பேசினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போகும் வழியிலும் ஈரத் துணியால் உடம்பைக் குளிர வைத்துக்கொண்டே இருங்கள்.

வலி என்றால் நிறுத்துங்கள்

குழந்தைகளின் எலும்பு நுனியில், வளருகிற பகுதி குருத்தாகத்தான் இருக்கும். ஒரே அசைவைத் தினமும் நூற்றுக்கணக்கில் செய்தால் தோள், முழங்கை, குதிகால் என்று அந்த இடங்களில் வலி வரும். 'சுளுக்கு' என்று எண்ணெய் போட்டு நீவி இழுக்காதீர்கள். ஆட்டத்தை நிறுத்தி ஓய்வு கொடுங்கள். சில நாளில் போகவில்லை என்றாலும், வீக்கம் இருந்தாலும் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

சுலபமாக ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: குழந்தைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. 7 வயது என்றால் 7 மணி நேரம்தான் உச்சவரம்பு. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு. நீச்சல், கபடி, நொண்டி, ஓடிப்பிடித்தல் எல்லாமும் இருக்கட்டும். 'இனி டென்னிஸ் ஒன்றுதான்' என்ற முடிவை 15 வயது வாக்கில் எடுத்தால் போதும் என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் பொதுவான யோசனை.

கோச்சிடம் கேளுங்கள்

ஈரோட்டுக்கோ சேலத்துக்கோ பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்தால், முதலில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். சின்னக் குழந்தைகளுக்கு எந்தக் கலர் பந்து? ஒவ்வொரு குழந்தையும் எவ்வளவு நேரம் பந்தைத் தொடுகிறது, எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறது? தப்பாக அடித்தால் திட்டுகிறார்களா, சிரிக்க வைக்கிறார்களா? பதில் கண் முன்னாலேயே கிடைத்துவிடும்.

'பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க இதெல்லாம்?' என்று வீட்டில் பெரியவர்கள் இழுக்கிறார்களா? நம் கொங்கு நாட்டுக் கோயமுத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதனைச் சொல்லுங்கள். டென்னிஸைத் தொட்டுக் காட்டியது அவர் அப்பாதான். 1998-ல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஒற்றையர் முதல் சுற்றில் ஜெயித்து, ஓப்பன் யுகத்தில் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான ஆட்டத்தில் வென்ற முதல் இந்தியப் பெண் என்று பெயர் வாங்கினார்.

எல்லாக் குழந்தையும் அந்த உயரத்துக்குப் போகாது, போகவும் வேண்டியதில்லை. ஆடிவிட்டு வீட்டுக்கு வரும் குழந்தையிடம் "எத்தனை பாயின்ட் எடுத்தே?" என்று கேட்காதீர்கள். "ஜாலியா இருந்துச்சா கண்ணு?" என்று கேளுங்கள். வேர்த்த முகத்தோடு அது தலையாட்டினால், நீங்கள் சொல்லிக்கொடுத்தது சரியாகத்தான் இருக்கிறது!