₹150 பிளக்கா, ₹700 பிளக்கா? கை எட்டாத இன்ஜினுக்கு ஒரு கூலிக் கணக்கு

இன்னைக்கு எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ் எல்லாத்துக்கும் லீவு. நம்ம கார்ல இருக்கிற ஒரு சின்னப் பொருளைப் பத்திப் பேசப் போறோம். விரல் நீளம்தான் இருக்கும். ஆனா தப்பான நேரத்துல, தப்பான கணக்குல வாங்கினா ஒரு மாச இஎம்ஐ அளவுக்குப் பணத்தைத் தின்னுடும். அதுதான் ஸ்பார்க் பிளக்.

எங்க வீட்டு ஈகோ கதை

எனக்குச் சொந்த ஊர் பேராவூரணி. அப்பாகிட்ட ஒரு பழைய மாருதி ஈகோ இருக்கு. கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி, தென்னந்தோப்பு எல்லாத்துக்கும் அதே வண்டிதான். போன பொங்கலுக்குப் போனப்ப பட்டுக்கோட்டை ரோட்டுல ஓட்டிப் பார்த்தேன். நின்ன இடத்துல இன்ஜின் ஒழுங்காத்தான் ஓடுது. ஆள் ஏத்திக்கிட்டு ஆக்சிலேட்டரை மிதிச்சா மட்டும் ஒரு குலுக்கல், ஒரு இழுப்பு.

ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினோம். காயில் மாத்தணும், இன்ஜெக்டர் சர்வீஸ் பண்ணணும்னு சொல்லி ₹14,000-க்கு எஸ்டிமேட் கொடுத்தாங்க. "பிளக்கா இருக்குமோ?"ன்னு கேட்டேன். "அது போன வருஷமே நாலும் மாத்தியாச்சே சார், பில்லைப் பாருங்க"ன்னாங்க. பில்லுலயும் நாலு பிளக்னுதான் இருந்துச்சு.

அப்பாவுக்கு மனசு ஒப்பல. ஊர்ல தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட வண்டியை விட்டார். அவர் சீட்டைத் தூக்கி ஒவ்வொரு பிளக்கா கழட்டி வரிசையா வெச்சார். மூணு புதுசு. உள்ள தள்ளி இருந்த நாலாவது மட்டும் பழசு, முனை தேஞ்சு மழுங்கிப் போயிருந்துச்சு.

"தம்பி, கை போன வரைக்கும் மாத்திருக்காங்க. கை போகாததை அப்படியே விட்டுட்டாங்க"ன்னார்.

எங்க ஊர் கல்லணைக் கால்வாய்க்குக் கடைமடை. மேல தண்ணி திறந்துட்டாங்கன்னு செய்தி வந்தா எங்க ஆளுங்க சந்தோஷப்பட மாட்டாங்க, கடைசி வயலுக்கு வந்து சேர்ந்துச்சான்னுதான் கேப்பாங்க. அந்தக் கேள்வியை பிளக் மாத்தின பில்லைப் பார்த்தும் கேட்டிருக்கணும். நாங்க கேக்கல.

ஏன் சில வண்டில இது பெரிய வேலை?

பெரும்பாலான கார்ல பானெட்டைத் திறந்தா பிளக் மேலயே இருக்கும். சிலதுல அப்படி இல்லை.

ஓம்னி, ஈகோ ரெண்டுலயும் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில. சீட்டைத் தூக்கணும், குறுகலான இடத்துல கை விடணும். 2003-ல இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ இன்னொரு ரகம். நாலு சிலிண்டருக்கு எட்டு பிளக், ஒரு சிலிண்டருக்கு ரெண்டு. முன்பக்க நாலும் சுலபம். பின்பக்க நாலும் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற தடுப்பை ஒட்டி மறைஞ்சிருக்கும். செகண்ட் ஹேண்ட்ல இந்த வண்டி வாங்கினவங்க 'எட்டும் மாத்தினீங்களா?'ன்னு கேட்டே ஆகணும்.

பைக் வெச்சிருக்கவங்களுக்கும் இது பொருந்தும். பல்சர் டிடிஎஸ்-ஐ-ல ரெண்டு பிளக், என்எஸ்200-ல மூணு. எண்ணித் தெரிஞ்சு வெச்சுக்கங்க.

தேஞ்ச பிளக் எப்படிப் பணத்தைத் தின்னுது?

பிளக்கோட முனையில ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்துல ஒரு இடைவெளி இருக்கும். அதைத் தாண்டித்தான் தீப்பொறி குதிக்குது. ஒவ்வொரு பொறிக்கும் உலோகம் துளித்துளியா தேயும், இடைவெளி கூடும். தாண்ட அதிக வோல்டேஜ் வேணும். காயிலுக்கு வேலை பளு ஏறும், ஒரு கட்டத்துல காயிலே போயிடும். பொறி தவறினா எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள எரியும். அது சூட்டுல உருகி அடைச்சா செலவு பல ஆயிரத்துல நிக்கும்.

மைலேஜையும் ஒரு கணக்குப் போடுவோம். வருஷம் 10,000 கி.மீ. ஓட்டுறீங்க, லிட்டருக்கு 15 கி.மீ. கிடைச்சது 14 ஆகுதுன்னு வெச்சுக்கங்க. 667 லிட்டர் போட்ட இடத்துல 714 லிட்டர். பெட்ரோல் ₹100-ன்னாலும் வருஷத்துக்கு ஏறக்குறைய ₹4,700 நஷ்டம். ₹1,100 வேலையைத் தள்ளிப்போட்டதுக்கு இவ்வளவு!

எது வாங்கலாம்? நிக்கலா, இரிடியமா?

கடையில பொதுவா மூணு ரகம் இருக்கும். சாதாரண நிக்கல், பிளாட்டினம், இரிடியம். நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸ்ல உருகும், இரிடியம் 2,400-ஐத் தாண்டித்தான் உருகும். அதனால இரிடியம் முனையை ஊசி மாதிரி மெல்லிசா செய்யலாம், தேய்மானமும் மெதுவா நடக்கும். நிக்கல் சுமாரா 20,000-ல இருந்து 40,000 கி.மீ. வரை வரும். நல்ல இரிடியம் ஒரு லட்சம் கி.மீ. பக்கம் வரும்.

ஆனா 'இரிடியம்'னு எழுதின எல்லாமே அவ்வளவு நாள் வராது. நடு முனை மட்டும் இரிடியம், எதிர் முனை சாதாரண நிக்கல்னா அந்தப் பக்கம் சீக்கிரம் தேஞ்சிடும். ரெண்டு பக்கமும் விலை உயர்ந்த உலோகம் இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

இப்போ நம்ம கணக்கு. நிக்கல் ஒண்ணு ₹150, 30,000 கி.மீ. இரிடியம் ஒண்ணு ₹700, 90,000 கி.மீ. இது உதாரணம்தான், உங்க கடை விலையைப் போட்டுக்கங்க. 90,000 கி.மீ.-க்கு நிக்கல் மூணு தடவை, இரிடியம் ஒரு தடவை.

பிளக் மேலயே இருக்கிற நாலு பிளக் கார், கூலி ₹150:
நிக்கல்: (600 + 150) × 3 = ₹2,250
இரிடியம்: 2,800 + 150 = ₹2,950
நிக்கல்ல ₹700 மிச்சம்.

ஈகோ மாதிரி சீட் தூக்குற வண்டி, கூலி ₹500:
நிக்கல்: (600 + 500) × 3 = ₹3,300
இரிடியம்: 2,800 + 500 = ₹3,300
ரெண்டும் சமம்.

எட்டு பிளக், பின்பக்கம் மறைஞ்ச வண்டி, கூலி ₹1,500:
நிக்கல்: (1,200 + 1,500) × 3 = ₹8,100
இரிடியம்: 5,600 + 1,500 = ₹7,100
இரிடியத்துல ₹1,000 மிச்சம்.

மூணு உதாரணத்துலயும் ஒரு பிளக்கோட விலை மாறவே இல்லை. மாறினது பிளக்கோட எண்ணிக்கையும் கூலியும். பார்ட் கை எட்டாத இடத்துல இருந்தா, நீங்க வாங்குறது பார்ட்டை இல்லை, அடுத்த தடவை கொடுக்க வேண்டிய கூலியை மிச்சம் பண்றீங்க. பிளக், கூலி ரெண்டையும் கூட்டி, அது ஓடுற கிலோமீட்டரால வகுத்துப் பாருங்க.

இதுல மூணு திருத்தம் இருக்கு.

முதலாவது, எத்தனை வருஷம் அந்த வண்டியை வெச்சிருப்பீங்க? வருஷம் 8,000 கி.மீ. ஓட்டினா 90,000-க்கு பதினொரு வருஷம் ஆகும். மூணு வருஷத்துல விக்கப் போறீங்கன்னா இரிடியத்தோட பலன் அடுத்த ஓனருக்குத்தான்.

ரெண்டாவது, கம்பெனியே இரிடியம் சொல்லியிருந்தா விலை குறைவுன்னு நிக்கலுக்கு இறங்காதீங்க. இடைவெளி, ஆயுள் எல்லாம் அதை வெச்சுத்தான் அமைச்சிருப்பாங்க. மேனுவல்ல இருக்கிற பார்ட் நம்பர்தான் முதல் விதி.

மூணாவது, சிஎன்ஜி வண்டின்னா பொறி குதிக்க அதிக வோல்டேஜ் வேணும், பிளக் சீக்கிரம் தேயும். பெட்ரோல் கணக்கை அப்படியே எடுத்துக்காதீங்க.

ஹீட் ரேஞ்ச்லயும் கவனம் வேணும். என்ஜிகே, டென்சோல நம்பர் கூடினா 'கோல்ட்' பிளக். போஷ்ல தலைகீழ், நம்பர் கூடினா 'ஹாட்'. அதனால பிராண்ட் மாத்தும்போது நம்பரைப் பார்த்து நீங்களே ஜோடி சேர்க்காதீங்க. அந்தந்தக் கம்பெனியோட பட்டியல்ல உங்க வண்டி மாடலைத் தேடி எடுங்க.

நாமே மாத்தலாமா?

மேலயே இருக்கிற பிளக்னா பழகிக்கலாம். கை எட்டாத வண்டிக்கு என் பதில்: வேணாம். சிலிண்டர் ஹெட் அலுமினியம். பிளக் கோணலா ஏறி மரை போச்சுன்னா, மரைக்குப் புது இன்சர்ட் போடணும், இல்லன்னா ஹெட்டையே இறக்கணும். ₹500 மிச்சம் பிடிக்கப் போய் பல ஆயிரம் கொடுக்கிற கதை ஆகிடும். ஆனா பக்கத்துல நின்னு பாருங்க. இதெல்லாம் நடக்குதான்னு கவனிங்க:

1. இன்ஜின் நல்லா ஆறின பிறகுதான் கழட்டணும்.
2. கழட்டுறதுக்கு முன்னாடி பிளக் குழியைக் காத்தடிச்சு சுத்தம் பண்ணணும். எங்க பக்கம் மணலும் தேங்காய் நார்த் தூசியும் அதிகம், அது சிலிண்டருக்குள்ள விழக் கூடாது.
3. புது பிளக்கை முதல்ல கையாலதான் ஏத்தணும். கை போகலைன்னா ஒரு துண்டு ரப்பர் ஹோஸை பிளக் தலையில மாட்டித் திருகலாம். மரை கோணலா பிடிச்சா ஹோஸ் வழுக்கும், ஸ்பேனர் வழுக்காது.
4. கடைசி இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச். அலுமினிய ஹெட்டுக்குப் பொதுவா 14 மி.மீ. மரைன்னா 25–30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.ன்னா 15–20. மேனுவல் வேற சொன்னா மேனுவல்தான்.
5. கீழ விழுந்த பிளக்கைப் போடக் கூடாது. உள்ள பீங்கான் விரிஞ்சிருந்தா கண்ணுக்குத் தெரியாது.

பழைய பிளக்கைக் கேட்டு வாங்குங்க

இதுதான் இலவச ஹெல்த் செக்கப். முனை லேசான பழுப்புன்னா இன்ஜின் நல்லா இருக்கு. கரி படிஞ்சு கறுப்பா இருந்தா பெட்ரோல் அதிகமா போகுது, ஏர் ஃபில்டரையும் பாருங்க. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா ரிங் இல்லன்னா வால்வ் சீல் சந்தேகம். வெள்ளையா கொப்புளிச்சிருந்தா இன்ஜின் அதிகமா சூடாகுது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போறப்ப ஓனர் சம்மதத்தோட இதைப் பார்த்தா, விலை பேச உங்க கையில ஆதாரம் இருக்கும்.

எண்ணியும் பாருங்க. நாலு போட்ட பில்லுக்கு நாலு பழசு கைக்கு வரணும், எட்டுக்கு எட்டு. போட்டோ எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் போன்ல எழுதி வெச்சிடுங்க. பிளக்கை பில்லோட, தெரிஞ்ச டீலர்கிட்ட வாங்குங்க. பாதி விலைக்கு இரிடியம்னா போலியா இருக்க வாய்ப்பு அதிகம்.

எங்க ஈகோவுக்கு என்ன போட்டோம்? அப்பா வருஷத்துக்கு 6,000 கி.மீ. கூட ஓட்ட மாட்டார், வண்டியும் பழசு. அதனால நாலுமே நிக்கல்தான். செலவு ₹1,100. வண்டி குலுங்காம ஓடுது. மிச்சமான ₹12,900 அப்பாவோட எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போச்சு. அந்த நாலு பழைய பிளக்கும் இன்னும் எங்க வீட்டு அலமாரியில இருக்கு. அடுத்த சர்வீஸ் பில் வந்தா அப்பா முதல்ல எண்ணுவார், அப்புறம்தான் பணம்.

உங்க வண்டில எத்தனை பிளக், கடைசியா எப்போ, எத்தனை மாத்தினீங்கன்னு இன்னைக்கே பில்லை எடுத்துப் பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!