படம் ஏன் நின்று நின்று ஓடியது?

மாணவர்களே, சென்ற சனிக்கிழமை ஸ்கூடாயில் உள்ள என் வீட்டு வரவேற்பறையில் ஐந்தாம் படிவ மாணவர்கள் ஆறு பேர் கூடியிருந்தார்கள். எஸ்.பி.எம். இயற்பியலுக்கு மீள்பார்வை. அவர்களில் ஒருத்தி, இரண்டு நீரலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதை இரண்டு வாரம் உழைத்து அசைவூட்டப் படமாகச் செய்து கொண்டுவந்திருந்தாள். மடிக்கணினியிலிருந்து தொலைக்காட்சிக்குக் கம்பி இல்லாமலே அனுப்பினோம். தலைப்புப் பக்கம் பளிச்சென்று தெரிந்தது. அலைகள் நகரத் தொடங்கியதும் படம் கட்டம் கட்டமாகச் சிதறியது, நின்றது, பிறகு ஓடியது. அவள் முகம் வாடிவிட்டது.

"லைன் ஸ்லோ, டீச்சர்" என்றான் ஒருவன்.

நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால், இங்கே இணையத்துக்கு வேலையே இல்லை. விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் 'கே' விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் வசதி, பெரும்பாலும் 2012இல் அறிமுகமான மிராகாஸ்ட் முறையில் இயங்குகிறது. அதில் கணினியும் தொலைக்காட்சியும் நேருக்கு நேராகப் பேசிக்கொள்கின்றன. வீட்டு இணையம் அறுந்து கிடந்தாலும் படம் போகும். குரோம்காஸ்ட், ஏர்பிளே போன்றவை வேறு வகை. அவற்றுக்கு வழக்கமாக இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கணினி விருந்தினர் வைஃபையிலும் தொலைக்காட்சி வீட்டு வைஃபையிலும் இருந்தால், பட்டியலில் தொலைக்காட்சியின் பெயரே வராது. பலர் மணிக்கணக்கில் தேடுவது இந்த ஒன்றைத்தான்.

எங்களுக்குப் பெயரும் வந்தது, இணைப்பும் கிடைத்தது. அசையாத பக்கம் நன்றாக இருக்க, அசையும் படம் மட்டும் ஏன் தடுமாற வேண்டும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையில் 1920 × 1080 புள்ளிகள். அதாவது ஏறக்குறைய 2 மில்லியன். ஒவ்வொன்றின் நிறத்துக்கும் 24 பிட். ஒரு படத்துக்கு ஏறக்குறைய 50 மில்லியன் பிட். நொடிக்கு 30 படம் என்றால் 1,500 மில்லியன் பிட்! இதை அப்படியே காற்றில் அனுப்ப வீட்டு வைஃபை திணறிப்போகும். ஆகவே, கணினி ஒரு தந்திரம் செய்கிறது. முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புகிறது. தலைப்புப் பக்கத்தில் எதுவும் மாறவில்லை, அதனால் சுமை இல்லை. அலைகள் ஓடும்போது திரை முழுவதும் மாறுகிறது. வழியில் ஒரு துண்டு தொலைந்தால், அதை நம்பி வரும் அடுத்த படங்களும் சிதைகின்றன. நீங்கள் பார்க்கும் அந்தக் கட்டங்கள் அவைதாம்.

அப்படியானால் துண்டுகள் எங்கே தொலைந்தன?

தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி நினைவிருக்கிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம். சமையலறையில் அம்மா மைக்ரோவேவ் அடுப்பில் கோழிக்கறியைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். அந்த அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்கிறது. எங்கள் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் இருந்தது. அடுப்பிலிருந்து கசிவது நமக்குத் தீங்கு செய்யாத அளவுதான். ஆனால், ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே சக்தி கொண்ட வைஃபைக்கு அதுவே பெரிய கூச்சல். அடுப்பை நிறுத்தினோம். படம் தேறியது, ஆனால் முழுவதும் இல்லை.

அடுத்தது அண்டை வீடுகள். எங்கள் தாமானில் வீடுகள் சுவரோடு சுவராக இருக்கின்றன. 2.4 பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றி, திரைப் பகிர்வைத் துண்டித்து மறுபடி இணைத்தோம். பல கணினிகளில் திரைப் பகிர்வும் அதே பட்டைக்கு மாறிவிடும். அங்கே தடங்கள் அதிகம். அலைநீளம் 12 சென்டிமீட்டரிலிருந்து 6ஆகக் குறைவதால் சுவரைத் தாண்டுவதுதான் கடினம். ஒரே அறைக்குள் அது ஒரு குறையே அல்ல.

கடைசியாக, தரையில் உட்கார்ந்திருந்த நான்கு பேரை ஓரமாக நகரச் சொன்னேன். சிரித்தார்கள். மனித உடலில் பாதிக்கு மேல் நீர். நீர் இந்த அலைகளை உறிஞ்சும். கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே அவர்கள்தாம் சுவராக இருந்தார்கள்.

படம் தங்குதடையின்றி ஓடியது. இரண்டு முகடுகள் சேர்ந்து உயர்ந்ததையும், முகடும் அகடும் சேர்ந்து அடங்கியதையும் அவள் திரையைத் தொட்டுக் காட்டி விளக்கினாள். (இவ்வளவும் செய்து பயனில்லை என்றால், எச்.டி.எம்.ஐ. கம்பி ஒன்றைச் செருகுங்கள். நான் எப்போதும் பையில் வைத்திருப்பேன். கட்டணத் திரைப்படம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தால் அது பழுதல்ல, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு.)

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "இப்பவாவது கறியைச் சூடு பண்ணலாமா?"