பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் தேவையா?

கூலாய், குளுவாங், சிகாமட் பக்கத்துக் கார் பட்டறைகளில் சற்று நேரம் நின்றால் ஒரு பேச்சு காதில் விழும். "அண்ணே, பின்னால இருக்கிற டிரம்மைக் கழற்றிட்டு டிஸ்க் போட்டுக் குடுங்க." கேட்பவர் பெரும்பாலும் தோட்டத்து இளைஞர், கையில் பழைய புரோட்டோன் வீரா, பல மாதம் சேர்த்த பணம். வீட்டிலுள்ள பெற்றோருக்கோ இது என்ன வேலை, எதற்காக இந்தச் செலவு என்பது விளங்குவதில்லை. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் டிரம். அது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஓர் இரும்புச் சட்டி. அதன் உள்ளே பிறைவடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. பெடலை மிதித்தால் எண்ணெயின் அழுத்தம் அவற்றை வெளிப்புறமாகத் தள்ளும். அவை சட்டியின் உட்சுவரில் உராய்ந்து சக்கரத்தைப் பிடிக்கும். டிஸ்க் அப்படியன்று. சக்கரத்தோடு சுழலும் ஒரு தட்டை, இருபுறமிருந்தும் இரண்டு பேடுகள் இறுக்குகின்றன. ஓடும் தட்டை இரண்டு விரல்களால் நெரிப்பது போன்றது அது. பேடுகளைத் தாங்கும் உறுப்புக்குக் காலிப்பர் என்று பெயர்.

டிஸ்க் பிரேக் நேற்றுப் பிறந்ததன்று. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் லான்செஸ்டர் என்ற பொறியியலாளர் 1902ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். 1953ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லே மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றபோதுதான் உலகம் அதன் பக்கம் திரும்பியது.

அதன் சிறப்பு வெப்பத்தில் இருக்கிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள கார், நெடுஞ்சாலையின் உச்ச வேகமான 110 கிலோமீட்டரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒருமுறை முழுவதுமாக நிறுத்தினால் பிறக்கும் வெப்பம், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு குடும்பத்துக்குத் தேநீர்த் தண்ணீர்! திறந்த தட்டு காற்றில் இந்தச் சூட்டை விரைவில் இழக்கும். மூடிய சட்டியோ சூட்டை உள்ளேயே வைத்திருக்கும். சூடேறச் சூடேற விரிந்து ஷூவை விட்டு விலகும். மழைநீரும் அப்படித்தான். தட்டிலுள்ள நீரைப் பேடு வழித்துத் தள்ளிவிடும். வெள்ளத்தில் இறங்கி ஏறிய டிரம் காயும்வரை சரியாகப் பிடிக்காது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் கோத்தா திங்கிப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவு நல்லதென்றால் கம்பெனிக்காரர் ஏன் முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் வைத்தார்? கஞ்சத்தனம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை, டிரம் மலிவுதான். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. பால் வாளியைக் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்கிய நம் பெரியவர்களைக் கேளுங்கள். முன்பிரேக்கை இறுக்கினால் பின்சக்கரம் தரையை விட்டு எழப் பார்க்கும். பாரம் முழுவதும் முன்னுக்கு ஓடிவிடுகிறது. காரிலும் அதே கதைதான். சாதாரண முன்சக்கர இயக்கக் காரில் நின்ற நிலையில் நூற்றுக்கு 60 பங்கு எடை முன்னால் இருக்கும். அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது அது 75 பங்குக்கும் மேலே போய்விடும். பின்சக்கரத்துக்கு மிஞ்சுவது கால் பங்குதான். அந்தச் சிறு வேலைக்கு டிரம் போதும்.

மேலும் டிரம்மில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. சுழலும் சட்டி, முன்ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதனால் குறைந்த அழுத்தமே போதும். கைப்பிரேக் இழுத்தாலும் நன்றாக நிற்கும். தோட்டத்துச் செம்மண் சேறும் எளிதில் உள்ளே புகாது.

இனி ஆபத்துக்கு வருவோம். வண்டி ஓடும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு முன்பே பூட்டிக்கொண்டால், கார் பம்பரம்போல் திரும்பிவிடும். இதைத் தடுக்கவே பின்பக்கம் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. அது டிரம்முக்கு ஏற்ற கணக்கில் அமைந்தது. வேறொரு காரின் டிஸ்க்கை மாட்டினால் அந்தக் கணக்கு தப்பிவிடும். பின்பிரேக் அதிகமாகவும் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம்.

எங்களுக்குத் தெரிந்த ஓர் இளைஞருக்கு நேர்ந்தது இது. மலிவாகக் கிடைத்த தட்டையும் காலிப்பரையும் ஒரு பட்டறையில் மாட்டிக்கொண்டார். மற்ற எதையும் தொடவில்லை. கைப்பிரேக் கம்பியின் நீளமும் பொருந்தவில்லை. மழையில் செம்பனைக் காட்டு வளைவில் பிரேக்கை மிதித்தார். வண்டி பின்பக்கமாகத் திரும்பிக் கால்வாயில் இறங்கியது. அவருக்குக் கையில் மட்டும் அடி. பின்னிருக்கையில் இருந்த தங்கைக்கு ஒன்றுமில்லை. அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அப்படியானால் மாற்றவே கூடாதா? கூடும்; ஆனால் முழுத் தொகுதியாக மாற்ற வேண்டும். 1993இல் வந்த வீராவுக்கு நெருங்கிய உறவு, 1996இல் வந்த புத்ராவும் 1998இல் வந்த சத்ரியா ஜிடிஐயும். அவற்றில் பின்சக்கரத்துக்கும் டிஸ்க் உண்டு. 'ஆப்கட்' கடைகளில் அந்தக் குடும்பத்து உறுப்புகளைத் தேடுவதற்கு இதுவே காரணம். தட்டும் காலிப்பரும் மட்டும் போதாது. அவற்றைத் தாங்கும் அச்சுப் பகுதி, சக்கரக் குடம், ரப்பர் குழாய், கைப்பிரேக் கம்பி, வால்வு எல்லாம் சேர்ந்து வர வேண்டும். பெடலுக்கு மேலிருக்கும் மாஸ்டர் பம்பு போதிய எண்ணெயைத் தள்ளுமா என்றும் பார்க்க வேண்டும். காலிப்பருக்குள் கைப்பிரேக் அமைப்பு இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். அது இல்லாத காலிப்பரை வாங்கிவிட்டு, மேட்டில் நிறுத்தக் கல் தேடியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஏபிஎஸ் உள்ள வண்டியென்றால் சக்கர வேகத்தை உணரும் கருவியும் சரியான இடத்தில் பொருந்த வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. வண்டியின் அமைப்பை மாற்றுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். விபத்துக்குப் பிறகு அந்தக் கடிதம் தேவைப்படும்.

உண்மையைச் சொன்னால், எங்களிடம் யோசனை கேட்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது வேறு. டயரைப் பாருங்கள் என்போம். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. காரை நிறுத்துவது டயர். நம் பாட்டன்மார் விடியற்காலையில் சீவிய பால் அந்த டயருக்குள் இருந்த காலம் ஒன்றுண்டு. பட்டன் தேய்ந்த டயருக்கு நான்கு டிஸ்க் போட்டும் பயனில்லை.

அடுத்தது பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் நாட்டில் ஈரத்துக்குக் குறைவா? டாட் 3 என்ற வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதித்துக் குமிழி விடலாம். பெடல் பஞ்சுபோல் இறங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அவசரத்துக்கு என்ஜின் எண்ணெயை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். ஷூ தேயத் தேய இடைவெளி கூடும். அதைத் தானே சரிசெய்யும் உறுப்பு துருப்பிடித்து நின்றிருந்தால் பெடல் ஆழமாக இறங்கும். டிஸ்க் கேட்டு வரும் பல வண்டிகளின் நோய் இதுதான். கழற்றும்போது உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய ஷூக்களில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

எல்லாம் யோசித்து மாற்றியே ஆகவேண்டுமென்று முடிவு செய்தவர்கள், வேலை முடிந்ததும் ஆய்வு நிலையத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் பிடியையும் அளக்கச் சொல்லுங்கள். இடப்புறமும் வலப்புறமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். பிறகு பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் அருகே கையை நீட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தக் காலிப்பர் பிடியை விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. அன்றே பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போய்வந்து பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.