வலிக்கிறது என்று சொல்லுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் தவக்காலத்தில், எம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயைக் காண மருத்துவமனைக்குச் சென்றிருந்தேன். மார்பகப் புற்றுநோய்க்காக அவருக்குக் கீமோ மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செபமாலையை இறுகப் பற்றியவராய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். "வலிக்கிறதா, அம்மா?" என்றேன். "கை நெருப்பாய் எரியுது, சாமி. நர்ஸம்மாவுக்கு எத்தனையோ வேலை. ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துப் பொறுத்துக்கிறேன்" என்றார். அவருடைய பொறுமையைப் பாராட்டி, ஆசி கூறித் திரும்பினேன்.

பத்து நாள் கழித்து அந்தக் கையைப் பார்த்தபோது, நான் பாராட்டியது எத்துணைப் பேதைமை என்று உணர்ந்தேன். முன்கையின் தோல் கொப்புளித்து உடைந்திருந்தது. மருந்து இரத்தநாளத்தை விட்டு வெளியே கசிந்துவிட்டதாம். எரிச்சல் தொடங்கியவுடன் சொல்லியிருந்தால் பாதிப்பைப் பெரிதும் குறைத்திருக்கலாம் என்றார் மருத்துவர். புண் ஆறப் பல மாதங்கள் ஆயின. அன்று செவிலியரைக் கூப்பிட வேண்டிய நானே வாளாவிருந்தேன். அந்தக் குற்றவுணர்வே என்னை இதை எழுதத் தூண்டியது.

இம்மருந்துகள் ஏன் இப்படிச் சுடுகின்றன? முதல் உலகப் போரில், 1917-இல், கடுகு வாயு எனும் நச்சுப்பொருள் போர்வீரர்களின் தோலைக் கொப்புளிக்கச் செய்தது. அதன் உறவுப் பொருளான நைட்ரஜன் மஸ்டர்டையே 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் புற்றுநோயாளி ஒருவருக்கு ஊசி வழியாகச் செலுத்தினர். இக்காலக் கீமோ சிகிச்சையின் தொடக்கம் அதுவே. இன்று வழங்கப்படும் மருந்துகளிலும், 'சிவப்பு மருந்து' என்று நோயாளிகள் கூறும் டாக்ஸோரூபிசின், வின்கிறிஸ்டின் போன்றவை தசையில் கசிந்தால் புண்ணாக்கும் தன்மையுடையவை. நாளத்தினுள் ஓடும்போது இரத்தத்தில் கலந்து நீர்த்துவிடும். வெளியே தேங்கினால் அங்கேயே சுடும்.

எனினும் கைவலி யாவும் கசிவு என்று அஞ்ச வேண்டியதில்லை. மருந்தின் காரத்தால் நாளத்தின் உட்சுவர் மட்டும் எரிச்சலுறலாம். அப்போது ஏற்றும் வேகத்தைக் குறைத்தோ, மருந்தை மேலும் நீர்க்கச் செய்தோ வலியைத் தணிப்பார்கள். குடற்புற்றுக்குத் தரப்படும் ஆக்ஸாலிபிளாட்டின் குளிரால் நோவை மிகுவிக்கும். அதை ஏற்றும்போது கையைக் கம்பளியால் போர்த்தி வெதுவெதுப்பாக வைத்தால் இதமாயிருக்கும். சிவப்பு மருந்து ஏறும்போது சிலருக்கு நாளத்தின் வழியே சிவந்த கோடும் அரிப்பும் தோன்றித் தாமே மறைவதுண்டு. இன்னது இன்னதென்று பிரித்தறிவது செவிலியரின் பணி. உடனே சொல்வது நம் பணி.

எரிச்சல், குத்தல், வீக்கம், இறுக்கம், மருந்துத் துளி விழுவது தடைப்படுதல் ஆகிய எதைக் கண்டாலும் அக்கணமே கூப்பிடுங்கள். ஊசியை நீங்களே பிடுங்கிவிடாதீர்கள். கசிந்த மருந்தை அதன் வழியாகவே உறிஞ்சி எடுக்க அவர்கள் முயலக்கூடும். எண்ணெய் தேய்ப்பதும் நீவிவிடுவதும் கூடாது. ஒத்தடத்தையும் கேட்டே கொடுங்கள். டாக்ஸோரூபிசின் கசிந்தால் குளிர் ஒத்தடம், வின்கிறிஸ்டின் கசிந்தால் வெப்ப ஒத்தடம் என்பது முறை. மாற்றிக் கொடுத்தால் தீங்கு மிகும். டாக்ஸோரூபிசின் கசிவுக்கான மாற்றுமருந்தை 6 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். விரைந்து சொல்வதன் அருமை இதனால் விளங்கும்.

முன்னேற்பாடுகளும் உண்டு. மருத்துவர் தடை சொல்லாவிடில் முதல் நாளிலிருந்தே தண்ணீர் நிறையக் குடியுங்கள். தளர்ந்த கையுள்ள சட்டை அணியுங்கள். ஊசி குத்திய இடம் மறையாதிருக்கட்டும். அக்குளில் நெறிக்கட்டிகளை அகற்றியிருந்தால் எந்தப் பக்கம் என்று முன்னதாகவே கூறுங்கள். மருந்து ஏறும்போது கையை அதிகம் அசைக்காதீர்கள். வீடு திரும்பிய பின்னரும் சில நாள் கையைக் கவனியுங்கள். சிவப்போ, கொப்புளமோ, நாளம் கயிறுபோல் தடித்தலோ காணப்பட்டால் அடுத்த தவணைவரை காத்திராமல் தெரிவியுங்கள்.

'நரம்பு கிடைக்கவில்லை' என்று ஒவ்வொரு முறையும் பலமுறை குத்த நேர்ந்தால், போர்ட் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மார்பின் மேற்புறத்தில் தோலுக்கடியில் சிறு அறுவையால் பொருத்தப்படும் இது, மருந்தைப் பெரிய நாளத்திற்கே கொண்டு சேர்க்கும். செலவும் பராமரிப்பும் உண்டு. ஆயினும் கைக்கு ஓய்வு கிட்டும்.

துணைக்கு அமர்ந்திருப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. நம் தாய்மார் பிறருக்குத் தொந்தரவு தரலாகாது என்றெண்ணியே வாய்மூடிக் கிடப்பார்கள். ஆகவே, "எரிகிறதா?" என்று அடிக்கடி கேளுங்கள், கையைப் பாருங்கள், அவர்கள் தயங்கினால் நீங்களே எழுந்து சென்று செவிலியரை அழையுங்கள்.

அத்தாய்க்கு எஞ்சிய தவணைகள் போர்ட் வழியாக நடந்தேறின. ஒருநாள் நான் சென்றபோது, "கொஞ்சம் சுருக்கென்னுச்சு, சாமி, உடனே நர்ஸம்மாவைக் கூப்பிட்டுட்டேன்" என்றார். இம்முறை நான் மனமாரப் பாராட்டினேன். தீர்க்க முடியாத நோவை ஆண்டவரிடம் ஒப்படைப்போம். தீர்க்கக்கூடியதை முதலில் செவிலியரிடம் சொல்வோம்.